மஞ்சுவிரட்டு நிருபர்

என்னைப் பார்க்க வரும் இளைஞர்கள் சிலர், "அச்சில் வந்த உங்கள் முதல் எழுத்து எது?" என்று கேட்பதுண்டு. ஏதாவது ஒரு கதையின் பெயரை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. அச்சில் வந்த என் முதல் எழுத்து பதினோரு வரி. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மஞ்சுவிரட்டில் எத்தனை மாடு அவிழ்த்துவிட்டார்கள், எத்தனை பேருக்குக் காயம் என்ற சேதி. கீழே என் பெயர்கூடக் கிடையாது.

1970களின் பின்பாதி அது. காரைக்குடி அப்போது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985ல்தான். நான் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர். பகுதி நேரம் என்பது சம்பளத்துக்குத்தான் பொருந்தும். வேலை முழு நேரமும் உண்டு. மாதக் கடைசியில், அச்சான என் சேதிகளையெல்லாம் கத்தரித்து, வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டி, அடிக்கோல் வைத்து அளந்து, மொத்தம் இத்தனை அங்குலம் என்று குறித்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்களும் ஒருமுறை அளப்பார்கள். அவர்களுடைய அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருந்த சந்தேகம்.

சேதி போகிற விதமே ஒரு கதை. எழுதிய தாளைக் கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் 'செய்தி - அவசரம்' என்று எழுதி, சாயங்காலம் மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். மதுரை பஸ் நிலையத்தில் ஒரு பையன் காத்திருந்து வாங்கிக்கொண்டு போவான். அந்த பஸ் தவறினால் சேதி ஒரு நாள் பழசு. ஒரு நாள் பழசான சேதிக்கு அங்குலம் கிடையாது. சாவு, கலவரம் என்றால் தந்தி. அந்தத் தந்தி 2013 ஜூலையில் இந்தியா முழுவதும் நின்றுபோயிற்று. 'தந்தி' என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு 1942 நவம்பரில் ஆதித்தனார் மதுரையில் ஒரு தினசரியைத் தொடங்கினார் என்றால், அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் இருந்த வேகத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். (நான் எழுதியது அந்தப் பத்திரிகைக்கு அல்ல.)

காரைக்குடியில் எழுத்தாளனாக ஆசைப்படுவது ஒன்றும் விபரீதம் இல்லை. 1917ல் தோன்றிய ஹிந்து மதாபிமான சங்கத்துக்கு 1919ல் பாரதியாரே வந்து தங்கியிருக்கிறார். ராய. சொக்கலிங்கம் நடத்திய 'ஊழியன்' இந்த ஊர்ப் பத்திரிகை. புதுமைப்பித்தன் 1930களில் கொஞ்ச காலம் அதில் உதவி ஆசிரியராக உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சிறுகூடல்பட்டிப் பிள்ளையாண்டான் ஒருவர் 1944ல், பதினேழு வயதில், புதுக்கோட்டைக்குப் போய்த் 'திருமகள்' பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவர்தாம் கண்ணதாசன். இந்தக் கதைகளைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால், பத்திரிகை வேலை என்று கையில் கிடைத்தது மாட்டுச் சேதியாக இருந்ததில் எனக்கு மனத்தாங்கல் இருக்கத்தான் செய்தது.

ஊரில் அதைவிட மதிப்பான சேதி பங்குனியில் வரும் கம்பன் திருநாள். சா. கணேசன் 1939ல் ஆரம்பித்த கம்பன் கழகம் வருஷந்தோறும் நடத்துவது. பெரிய பெரிய புலவர்கள் பேசுவார்கள். கடைசி நாள் எல்லோரும் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்குப் போவார்கள். அந்தச் சேதியெல்லாம் எனக்கு மூத்த நிருபருக்கு. மஞ்சுவிரட்டு எனக்கு. "தம்பி, உனக்குச் சைக்கிள் மிதிக்கத் தெம்பு இருக்கு. மாடு வந்தா ஓடவும் தெம்பு இருக்கு. எனக்கு ரெண்டும் இல்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே பங்கு பிரித்துவிட்டார்.

பல வருஷம் கழித்து, அமெரிக்க எழுத்தாளர் ரிங் லார்ட்னரின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல் ஏற்பட்டது. பேஸ்பால் என்பது அவர்களுடைய தேசிய ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரிய லீக் உண்டு, சிறு லீக் உண்டு. பெரிய லீக் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களுக்கு. சிறு லீக் சின்ன ஊர்களுக்கு. லார்ட்னர் 1905ல் இந்தியானா மாநிலத்து சௌத் பெண்ட் என்ற ஊரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து, அந்த ஊர்ச் சிறு லீக் ஆட்டங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். பிறகு சிகாகோவுக்குப் போய்ப் பெரிய குழுக்களோடு ரயிலில் சுற்றினார். அங்கெல்லாம் ஆட்டக்காரர்கள் பேசுகிற பேச்சைக் காதில் வாங்கி வைத்திருந்தார். 1914ல் அந்தப் பேச்சையே வைத்து, படிப்பு அதிகமில்லாத ஒரு ஆட்டக்காரன் தன் சிநேகிதனுக்கு எழுதும் கடிதங்களாகக் கதை எழுதினார். அமெரிக்க எழுத்தில் பேச்சு நடை தலைநிமிர்ந்ததற்கு அவரும் ஒரு காரணம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஹெமிங்வே அவரைப் பார்த்து எழுதிப் பழகினார்.

நமக்கும் பெரிய லீக், சிறு லீக் உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் பெரிய லீக். அங்கே மந்திரிகள் வருவார்கள், வெளிநாட்டார் காமிராவோடு வருவார்கள், இந்தக் காலத்தில் பரிசாகக் காரே கொடுக்கிறார்கள். செட்டிநாட்டைச் சுற்றித் தை பிறந்தது முதல் கோடை வரையில் ஊர் ஊராக நடக்கும் மஞ்சுவிரட்டுகள் சிறு லீக். சுற்றுப்பட்ட கிராமங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அதன் பெயர் தெரியாது. சிராவயலும் அரளிப்பாறையும் மட்டும் கொஞ்சம் பெயர் பெற்றவை.

ஜல்லிக்கட்டு வேறு, மஞ்சுவிரட்டு வேறு. சட்டப் புத்தகம் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டது, ஊர் அடக்கவில்லை. ஜல்லிக்கட்டில் வாடிவாசல் என்ற ஒரு வாய் உண்டு. மாடு அதன் வழியாக ஒவ்வொன்றாக வரும். திமிலைப் பிடித்து இவ்வளவு தூரம் தொங்கினால் வெற்றி என்று கணக்கு உண்டு. வடமாடு என்று இன்னொன்று உண்டு. மாட்டை நீண்ட வடத்தில் கட்டிவிட்டு, ஒரு குழு குறித்த நேரத்துக்குள் அதை அடக்க வேண்டும். மஞ்சுவிரட்டு இரண்டும் அல்ல. அது பொட்டலில், அறுத்த வயலில், கண்மாய்க்கரையில் நடப்பது. தொழுவில் நிற்கும் மாடுகள் ஒரு பக்கம் வரும். அதற்கு முன்னாலேயே கட்டுமாடுகளை அவரவர் நின்ற இடத்தில் அவிழ்த்துவிடுவார்கள். மாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்கிறவன், மாடு அணைகிறவன், கரும்பு விற்கிறவன், நிருபர், எல்லோரும் ஒரே தரையில்தான் நிற்க வேண்டும்.

சிராவயலில் தை 3ம் நாள். நாட்டார்கள் கோயிலில் கும்பிட்டு, மேளதாளத்தோடு ஜவுளி எடுத்துக்கொண்டு தொழுவுக்கு நடந்து வருவார்கள். மாடுகளுக்கு வேட்டி துண்டு கட்டி மரியாதை செய்வார்கள். முதலில் வருவது கோயில் மாடு. அதை யாரும் தொடமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை. இதே சிராவயலில்தான் ஜீவானந்தம் இளம் வயதில் காந்தி ஆசிரமம் நடத்தினார். 1927ல் செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் காந்தியடிகள் அங்கே வந்து அவரைக் கண்டார். அஹிம்சையும் மஞ்சுவிரட்டும் ஒரே ஊரில் குடியிருந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதற்கு எத்தனை அங்குலம் கொடுப்பார்கள் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

சிங்கம்புணரிக்கு அருகே அரளிப்பாறையில் மாசி மகத்தன்று நடக்கும். அங்கே ஒரு சௌகரியம். குன்றின்மேல் முருகன் கோயில். ஜனங்கள் பாறைச் சரிவில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டதுபோல் இருக்கும். நானும் பாறையில் உட்கார்ந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று கண்டுகொண்டேன். மேலே இருந்து பார்த்தால் மாடு தெரிகிறது, மனிதன் தெரிகிறதில்லை. பேச்சும் காதில் விழுகிறதில்லை. மாட்டுக்காரன் மாட்டைப் பெற்ற பிள்ளையைப்போல் வைது அழைத்துப்போவதும், ஒரு கிழவர் சுழி பார்த்து 'இது நிற்காது, போயிரும்' என்று சொல்வதும், கீழே நின்றவனுக்குத்தான் கிடைக்கும். என் நாவல்களில் யாராவது நன்றாகப் பேசுகிறார்கள் என்றால், அந்தப் பேச்சு பொட்டலில் பொறுக்கியது.

காயம்படுகிறவர்களில் மாடு பிடிக்கிறவர்கள் குறைவு என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். மாடு பிடிக்கிறவனுக்கு மாட்டின் கண் தெரியும். எந்தக் கால் எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். மாட்டிக்கொள்கிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன். பின்னால் வந்த மாட்டைப் பாராமல் முன்னால் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன்.

இனி, நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது வருஷம், மாசி மாதம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தன் சிநேகிதர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவன். கட்டுமாடு ஒன்று பின்னாலிருந்து வந்து அவனை விலாவில் குத்தித் தள்ளியது. மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் அன்று சாயங்காலக் கவரில் சேதி அனுப்பினேன். யார் யார் முன்னிலை வகித்தார்கள், எந்த ஊர் மாடு பிடிபடவில்லை, எந்த அம்பலக்காரர் மாட்டுக்கு என்ன மரியாதை என்று எழுதி, பலர் காயம் என்று முடித்தேன். இரவே பையன் இறந்துவிட்டான். மறுநாள் காலை அந்த ஊருக்குப் போய்ப் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் விசாரித்து, இரண்டாவது கவர் அனுப்பினேன். பழக்கம் பாருங்கள், அதிலும் முதலில் மஞ்சுவிரட்டு நடந்த விவரம், பிறகு போலீஸ் விசாரணை, அப்புறம் இறந்த சேதி, கடைசி வரியில் பெயர்.

பத்திரிகை ஆபீஸில் இடம் போதாவிட்டால் சேதியை வாலிலிருந்துதான் வெட்டுவார்கள். இது தொழிலில் நுழைந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். அன்று இடம் போதவில்லை. 'மாடு முட்டியதில் வாலிபர் ஒருவர் உயிரிழந்தார்' என்பதோடு சேதி நின்றுவிட்டது. வெட்டியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் வழக்கப்படி வெட்டினார். பெயரைக் கத்திரிக்கோலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தவன் நான்.

நாலைந்து நாள் கழித்து, பஸ் நிலையத்தில் பத்திரிகை ஏஜண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். துண்டைத் தலையில் கட்டிய ஒரு மனிதர் வந்து, குறிப்பிட்ட தேதியைச் சொல்லிப் பழைய பேப்பர் கேட்டார். ஏஜண்டு தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எம்மகன் சேதி இதுல வந்திருக்குன்னு சொன்னாக. அவன் பேரு எந்த எடத்துல இருக்கு, காட்டுங்க."

அவர் முகம் எனக்குத் தெரியும். நான் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனவன். அவருக்கு அன்றிருந்த நிலையில் என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி, என் வரிகளைக் கண்டுபிடித்து, விரலை வைத்தேன். வைத்துவிட்டு, அங்கே இல்லாத பெயரை இருப்பதுபோல் வாசித்தேன். தகப்பனார் பெயரையும் சேர்த்து வாசித்தேன். அவர் என் விரலை எடுக்கச் சொல்லி, அந்த இடத்தைத் தம் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். இன்னொரு பிரதியும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் இருந்தது எனக்கு அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் முழுவதும் அந்த ஊர்ப் பக்கம் போக நேரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். ஆனால் மறு மாசிக்குப் போகாமல் தப்ப முடியவில்லை. பொட்டலின் ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை என்னைத் தெரிந்துகொண்டார். நான் கும்பிட்டேன். பேப்பரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வருசம் யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. ஆனா, ஆச்சுன்னா, பேரைப் போட்டுருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் எழுதிய எந்தச் சாவுச் சேதியிலும் பெயர் முதல் வரியில் இருக்கும். வாலை வெட்டினாலும் தலை மிஞ்சும் அல்லவா?

நாவலாசிரியனான பிறகு, இந்த விஷயத்தில் நமக்கு முன்னே எழுதியவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். கலித்தொகையில் முல்லைக்கலிப் பாட்டுகள் பலவற்றில் ஏறு தழுவல்தான். காளைகளின் நிறம், மறு, சுழி, கொம்பு எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. குத்துப்பட்டவனின் குடல் சரிந்ததும் வருகிறது. ஆனால் அவன் பெயர் வராது. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதலுக்கு அது நல்ல விதி. சாவுக்கு எப்படியோ தெரியவில்லை.

ஆங்கிலேய அதிகாரிகளில் ஜே. எச். நெல்சன் 1868ல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் ஜல்லிக்கட்டை வியந்து பேசுகிறார். அபாயம் என்று கருதிச் சில கலெக்டர்கள் இதை ஊக்கப்படுத்தாமல் விட்டது வருந்தத்தக்கது என்கிறார். நம் காலத்துச் சண்டை நேற்றுத் தோன்றியதல்ல என்பதற்கு இது சாட்சி. ராஜமையர் 1893ல் தொடராக எழுதத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஒரு ஜல்லிக்கட்டு வருகிறது; தமிழ் நாவல் நடக்கப் பழகிய நாளிலேயே மாடும் கூட வந்துவிட்டது. சி. சு. செல்லப்பா 1959ல் 'வாடிவாசல்' எழுதினார். தகப்பனைக் கொன்ற காளையை மகன் தேடி வருகிற கதை. அதில் காளைக்கு ஒரு பெயர், பிடிக்கிறவனுக்கு ஒரு பெயர், செத்த தகப்பனுக்கும் ஒரு பெயர் உண்டு.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவர் ஒரு கல்தச்சர். சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் கிடைத்த ஒரு நடுகல், சேலம் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவன் காளையோடு போராடுவதைச் செதுக்கி, சில வரிகள் பொறித்திருக்கிறார்கள். கோவுரிச் சங்கன் கருவந்துறையில் எருது விளையாடி மாண்டான். அவன் மகன் பெரிய பயல் இந்தக் கல்லை எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. யார், எங்கே, எப்படி, யாருடைய மகன், எல்லாம் இருக்கிறது. முன்னிலை வகித்தவர் பெயர் இல்லை. மாட்டுக்காரர் பெயரும் இல்லை. இதைவிட நல்ல நிருபரை நான் பார்த்ததில்லை. கல்லில் வெட்டுகிறவனுக்கும் இடம் குறைவுதான். எதை விடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நடந்தவை வாசகர்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் ஜில்லாவில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன ஒரு வழக்கில், 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்தது. ஜல்லிக்கட்டு பார்க்கப் போன மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனாரும் அந்த வழக்கில் சேர்ந்தார் என்று படித்தபோது, எனக்குத் துண்டு கட்டிய அந்த மனிதரின் முகம்தான் வந்தது. 2007ல் தடை நீங்கியது. 2009ல் தமிழ்நாடு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2011ல் மத்திய அரசு காளையைக் காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. 2014 மே 7ம் தேதி உச்ச நீதிமன்றம் அடியோடு தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள், சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

இத்தனை வழக்கிலும் இரு தரப்புக்கும் பத்திரிகைச் சேதிகள் பயன்பட்டன. இத்தனை பேர் மாண்டார்கள் என்று ஒரு தரப்பு கணக்குக் கூட்டியது. எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது என்று மறு தரப்பு காட்டியது. எங்கோ ஒரு மூலையில் நான் அளந்து ஒட்டிய அங்குலங்களும் அந்தக் கூட்டலில் சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருந்தால் 'வாலிபர் ஒருவர்' என்று சேர்ந்திருக்கும். கணக்குக்கு அது போதும். கணக்குக்குப் பெயர் தேவையில்லை.

எந்தத் தரப்பு நியாயம் என்று என்னைக் கேட்கிறார்கள். மாடு வளர்க்கிற வீட்டில் அந்த மாட்டுக்குக் கிடைக்கும் பிரியத்தை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சுவிரட்டு இல்லாவிட்டால், டிராக்டர் வந்துவிட்ட ஊரில் புலிக்குளம் காளையைக் கட்டிப்போட்டுத் தீனி வைக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது நியாயமான கேள்வி. அதே சமயம், கலெக்டர் அனுமதி, தடுப்பு வேலி, மருத்துவர் குழு என்று எல்லாம் வந்த பிறகும், 2024 ஜனவரியில் சிராவயலில் ஒரு சிறுவன் உட்பட இரண்டு பேர் இறந்தார்கள். பொட்டலுக்கு நாலு பக்கமும் வேலி போட முடியாது. போட்டால் அது மஞ்சுவிரட்டும் ஆகாது. இந்த இரண்டையும் பார்த்தவனுக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நிருபராக ஒன்று மட்டும் சொல்ல முடியும். ஒரு ஊர் தன் பழக்கத்தை வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்குக் கொடுத்த விலையைப் பெயர் பெயராக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பையனின் பெயரை இப்போதாவது நீங்கள் எழுதினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இன்று அது என்னுடைய சொத்து இல்லை. அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். அந்தப் பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டது என்றார்கள். அவளைக் கேட்காமல் எழுத எனக்குப் பாத்தியதை இல்லை. வழியில் என்றைக்காவது அவளைப் பார்த்தால் கேட்பேன். அந்த வருஷத்து நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் மாசி மாதத்துப் பக்கத்தில், முன்பு எழுதியிருந்ததற்கெல்லாம் மேலே, விளிம்பில் இருந்த கொஞ்ச இடத்தில், அவன் பெயரைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி அதுதான்.